மதிலுக்குக் கால் இல்லை, மயூரா

அன்பு மகன் மயூரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். பினாங்கில் அப்பா, தங்கை தர்ஷிகா, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க முருகன் காக்கட்டும். உடம்பை மட்டும்தான் சொன்னேன். மனசு சனிக்கிழமையிலிருந்து கொதித்துக்கொண்டிருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வெட்டிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், கடைசி வரி வரைக்கும் படி.

நீ அயர்லாந்து போன பிறகு வாரத்தில் ஒரு நாளாவது எல்லாரும் ஒன்றாக இருக்கலாம் என்று அந்தக் கோட்டை விளையாட்டை எனக்கும் தர்ஷிகாவுக்கும் நீதான் கணினியில் போட்டுக் கொடுத்தாய். அணிக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று எதிர்வீட்டு மர்ஜானாவைக் கெஞ்சிக் கூப்பிட்டதும் நீதான். அவள் கடலுக்கு அக்கரையில் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் வேலை முடிந்து, பாலத்து வண்டி நெரிசலில் நின்று, வீட்டுக்கு வந்ததும் சோறுகூடச் சாப்பிடாமல் நமக்காக உட்காருவாள். அவள் கோட்டையைக் கொண்டுபோய் ஆற்றங்கரையில், எதிரி முதலில் வந்து மோதுகிற இடத்தில் வைத்தாய். "பயப்படாதீங்க அக்கா, மதிலும் கோபுரமும் பாத்துக்கும்" என்றாய். கல், மரம், பொன் எல்லாம் மதிலுக்கே, ஒருவரும் படை திரட்டக் கூடாது என்று உத்தரவு வேறு. மதில் வேண்டாம் என்று நான் என்றைக்காவது சொன்னேனா? மதில் நமக்கு நேரம் வாங்கித் தரும், அந்த நேரத்துக்குள் வந்து சேர ஒரு படை வேண்டாமா என்றுதான் கேட்டேன். "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுலா" என்று சிரித்தாய். தொடக்கத்தில் சின்னச் சின்ன அணிகள் நம் மதிலில் முட்டிவிட்டு ஓடியது உண்மைதான், அதுவே உன் தலைக்கு ஏறிவிட்டது. நான் உன் பேச்சைக் கேட்காமல் ஒரு குதிரைப்படை வளர்த்தேன். ஆமாம், வளர்த்தேன், இப்போது என்ன?

சனிக்கிழமை வந்தவர்கள் பூதப்படையோடு வந்தார்கள். நம் அம்பு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு மர்ஜானாவின் மதில்மேல் பாறை பாறையாக எறிந்தார்கள். உன் கோபுரங்கள் மலைமேல் அழகாக நின்றன, தர்ஷிகாவின் கோபுரங்களும் நின்றன, கோபுரம் இறங்கி நடந்து போகுமா? "தம்பி, யாராச்சும் வரீங்களா? கிழக்குச் சுவர் விழுது" என்று மர்ஜானா மைக்கில் கேட்டாள். நான் போகிறேன் என்றேன். அதற்கு நீ, எல்லார் காதிலும் விழும்படி, "அம்மா, கதவத் தொறக்காதீங்க, அவங்க கோட்டை போனா போகட்டும், நம்ம மூணு இருந்தாப் போதும்" என்றாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் என் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டேன். என் குதிரைகள் பூதங்களின் முதுகுப்பக்கம் போய் விழுந்தன, மர்ஜானாவும் உள்ளேயிருந்து வாசலைத் திறந்து தன் காவலாட்களோடு பாய்ந்து வந்தாள். கோட்டை எரிந்துபோனது, ஆனால் அவளும் அவள் ஆட்களும் என்னிடம் வந்து சேர்ந்தார்கள். பின்னால் நின்று பார்த்த அப்பா முழங்கால் வலியை மறந்து கைதட்டினார். பிறகு பூதங்கள் உன் பக்கம் திரும்பின. உன் மதிலை அவர்கள் தொடக்கூட இல்லையே! வெளியே இருந்த வயலையும் சுரங்கத்தையும் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார்கள், உன் களஞ்சியம் காலியானது. மீதிக் குதிரைகளோடு வருகிறேன் என்று நான் கத்தினேன், நீ தோற்றோம் என்று கொடியை இறக்கிவிட்டாய்.

தோற்றது எனக்குப் பெரிதில்லை. அதற்குப் பிறகு நம் அணியின் செய்திக் குழுவில் என்ன எழுதினாய்? "அம்மா கதவத் தொறந்ததாலயும் மர்ஜானா அக்காவுக்கு ஆடத் தெரியாததாலயும்தான் தோத்தோம்." அவள் அப்போதே குழுவைவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் லிஃப்டில் பார்த்தபோது "விடுங்க அக்கா, வெளையாட்டுதானே" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூதமும் கோட்டையும் விளையாட்டுதான் மயூரா. ஒருத்தியை நம்பவைத்து முன்னால் நிறுத்திவிட்டு, அவள் கூப்பிடும்போது போனால் போகட்டும் என்று சொன்னது விளையாட்டு இல்லை. என் வயிற்றில் பிறந்த பிள்ளையின் வாயிலிருந்து அதைக் கேட்க எனக்குக் கூசியது.

வேறு செய்தி என்றால், தர்ஷிகாவுக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள், அப்பாவை அதிகம் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார், அவர் கேட்கிறாரா, காய்கறி வாங்கப் பாசாருக்கு நடந்தேதான் போகிறார். நேற்று மர்ஜானா தானாகவே மடிக்கணினியோடு நம் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, உங்க குதிரையும் என் ஆளுங்களும் சேந்தா ஒரு படை இருக்குல்ல?" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான், அவள், தர்ஷிகா மூன்று பேரும் புது அணி தொடங்கிவிட்டோம், அவள்தான் தலைவி. உன் பெயரை நான் சேர்க்கவில்லை. சேர்ப்பதும் விடுவதும் அவள் இஷ்டம், நான் உனக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசமாட்டேன்.

காலையில் வெறும் காப்பியோடு வேலைக்கு ஓடாதே, கழுத்தில் கம்பளித்துணி சுற்றிக்கொள். முருகன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல வாழ்வும் கூடவே கொஞ்சம் வெட்கமும் கொடுக்கட்டும். முதலில் மர்ஜானாவைக் கூப்பிடு, எழுதி அனுப்பாதே, வாயைத் திறந்து பேசு. அதுவரைக்கும் நீ என் நம்பருக்கு அடித்தால் அப்பாதான் எடுப்பார்.

கோபம் அடங்காத உன் அம்மா,
தவமணி அப்புத்துரை
ஜெலுத்தோங், பினாங்கு