முன்கண்ணாடியில் ஒரு பூச்சு

15.10.1988, சனி

விபோர்க் வீதியில் காரில் வேகமாக ஓடியதற்குத் தம்பி காலையில் பொலிஸிடம் பிடிபட்டுத் தண்டம் வாங்கினான். வேகம் அளக்கும் பொலிஸ் ரேடார் கிட்ட இருந்தால் கத்தும் பெட்டியைக் காருக்குள் பூட்டியிருந்தான். அது கத்தவேயில்லை.

கராஜில் விசாரித்துவந்து, "கண்ணாடிதான் பிழையாம்," என்றேன்.

"என்ரை கண்ணாடியோ, அக்கா?" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான். சிரித்துவிட்டேன். காரின் முன்கண்ணாடியில் பனி உருக்கும் உலோகப் பூச்சு இருக்கிறதாம். ரேடார் அலை அதைத் தாண்டி உள்ளே வராதாம்.

பிறகு மெதுவாகக் கேட்டான்: "இந்தத் தண்டம் விசாவைக் குழப்புமோ?"

"சீ, குழப்பாது."

மன்னாரிலிருக்கும் மனைவியையும் மகளையும் இந்த நாட்டுக்குக் கூப்பிட அவன் விண்ணப்பித்து ஒரு வருடமாகிறது. ஒரு கடிதமும் வரவில்லை. கடிதம் வராதவரை மறுப்பும் இல்லை என்றுதான் இவ்வளவு நாளும் அவனைத் தேற்றினேன். கத்தாத அந்தப் பெட்டியைப் பார்த்தபிறகு இன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.