மழை விட்ட மூன்றாம் நாள்

மார்ச் 4

அண்ணா,

நம் தெரு ஊற்றைச் சாகடித்தது நீதான். மழை விட்ட மூன்றாம் நாள் வந்து அளந்தாய். பதினொரு நொடியில் வாளி நிறைந்தது. 'ஆண்டு முழுவதும் வற்றாது, இருநூறு அறைகளுக்குப் போதும்' என்று அலுவலகத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு மலையிறங்கிப் போனாய். அந்தத் தாளைக் காட்டித்தான் விடுதி கட்டினார்கள், ஊற்றில் குழாய் போட்டார்கள். இப்போது அதே வாளி நிறைய ஆறு நிமிடம் ஆகிறது.

விடுதிச் சலவையறையில் ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு துவைக்கிறேன். வீட்டில் குடிக்க ஒரு குடம் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, "உங்கண்ணன் தண்ணி அளக்கிற ஆபீசராச்சே, அவரு வீட்டுக் குழாயிலயாவது வருதா?" என்கிறாள். சிரித்துக்கொண்டே கேட்கிறாள், அதுதான் எரிகிறது.

கோடையில் வந்து மறுபடி அளந்து பார்.

தங்கச்சி

மார்ச் 15

அன்புத் தங்கச்சிக்கு,

அன்று வாளி பிடித்தவள் நீ. "சட்டுனு எழுதுண்ணா, விடுதி வந்தாத்தான் எனக்கு வேலை" என்றவளும் நீ. கடிகாரம் மட்டும்தான் என்னுடையது. வெளியாட்கள் வராவிட்டால் அங்கே யார் பிழைப்பது? இன்னும் எண்பது அறைகளுக்கு அதே அளவைக் காட்டி அனுமதி கேட்டிருக்கிறார்கள். அதை முடிவு செய்யும் கூட்டம் ஏப்ரல் 21. இப்போது மாற்றிச் சொன்னால் என் வேலை போய்விடும். தண்ணீர் லாரிக்குச் சொல்லியிருக்கிறேன். முழங்கால் வலி தேவலையா?

அண்ணன்

மார்ச் 26

அண்ணா,

வலி அப்படியே இருக்கிறது. லாரி வந்தது. லாரிக்காரன் நேராக விடுதித் தொட்டிக்குள் குழாயை விட்டான். "எங்களுக்கு?" என்றேன். "விருந்தாளிங்க முதல்லம்மா" என்றான்.

ஆமாம், வாளி பிடித்தவள் நான்தான். அதையும் எழுதிக் கொடுக்கிறேன். வருகிறவர்களை நான் விரட்டவில்லை. அவர்கள் அழுக்காக்கும் விரிப்பில்தான் என் சோறு இருக்கிறது. இருக்கிற தண்ணீருக்கு எத்தனை அறையோ, அத்தனை போதும் என்கிறேன்.

ஏழு நாள் காலையில் அதே வாளியை வைத்து அளந்தேன். அந்த அளவுகளை எழுதிய தாளை இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கீழே என் கையெழுத்து இருக்கிறது. பக்கத்தில் உனக்கு இடம் விட்டிருக்கிறேன்.

தங்கச்சி

ஏப்ரல் 12

அண்ணா,

தபால் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அதில் உன் கையெழுத்து அழகாக இருக்கிறது. அதில் மட்டும்தான் போட்டிருக்கிறாய், நான் இடம் விட்ட தாள் திரும்பவில்லை.

வாளி இப்போது பத்து நிமிடத்திலும் நிறைவதில்லை. நேற்றோடு சலவையறையைப் பூட்டிவிட்டார்கள். தண்ணீர் பற்றாதாம், விரிப்பெல்லாம் இனி அடிவாரத்துக்குப் போகிறது. எனக்கு வேலை இல்லை. ஆனாலும் அனுமதி வருமுன்பே எண்பது அறைக்கு மண் வெட்டுகிறார்கள்.

கூட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள். அந்தத் தாளில் கையெழுத்துப் போடு. நீயே கொண்டுபோய்க் கொடு.

தங்கச்சி