ஏழாவது பேட்ஜ்

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. காவிரியைக் கும்பிட வந்தவர்கள் பூவைப் பிளாஸ்டிக் பையோடு ஆற்றில் எறிகிறார்கள். பக்திமான்கள்!

சாப்பிட உட்கார்ந்தால் போன். முதலாளி பீமராவ். பாய்லர் குழாய் வெல்டிங் இருபது இடம், நாளைக் காலைக்குள் கதிர்வீச்சுப் படம் எடுத்துத் தர வேண்டுமாம். கதிர்வீச்சை அளக்கும் மீட்டர் சரிபார்ப்புக்குச் சென்னை போயிருக்கிறது. மீட்டர் இல்லாமல் கேமராவைத் திறக்கக் கூடாது என்பது பாதுகாப்பு அதிகாரியாக நான் துவாக்குடியில் பத்து வருஷமாகப் பாடும் பாட்டு. அதையே சொன்னேன். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் மேடம்" என்று இழுத்தார். அந்தக் குரலை அதற்கு மேல் கேட்கப் பொறுமையில்லை. "சரி, பாத்து செய்யச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டேன். தேங்காய் சாதத்தில் மணல்.

4 ஆகஸ்ட்

நேற்றைய வேலைக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். 'மீட்டர் அளவு' கட்டத்தில் வழக்கமான எண்.

12 செப்டம்பர், வெள்ளி

பையன்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு. ஏழு பேர், ஏழு கொட்டாவி. சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜ் எதற்கு என்று கேட்டேன். "இன்ஸ்பெக்‌ஷனுக்கு மேடம்" என்றான் மதுரைவீரன். மூன்று மாதத்தில் உன் உடம்பு வாங்கிய கதிர்வீச்சை அது காட்டும், ஐயா. வசீம் ஒருவன்தான் குறிப்பு எடுத்தான். அதிலும் எழுத்துப்பிழை இருக்கும்.

3 அக்டோபர், வெள்ளி

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் லீவில் போய் வந்தால், கேமராவை வைத்துப் பூட்டும் குழி அறையில் அதற்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. அதன் வயிற்றில் கதிர்வீசும் இரிடியம் இருக்கிறது, மூடியிருந்தாலும் கொஞ்சம் கதிர் கசியும் என்று யாருக்கும் உறைக்கவில்லை. சென்னை ஆய்வகத்துக்கு அனுப்ப நான் எடுத்து வைத்திருந்த ஆறு பேட்ஜ்களையும் நூலில் கோத்து அதற்கே சாத்தியிருக்கிறார்கள். இரண்டு நாளாகக் கதிர்வீச்சில் குளித்திருக்கின்றன.

"அதுவும் தொழில் சாமான்தானேங்க" என்றார் பீமராவ். குழி அறைச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போன என்னைச் சொல்ல வேண்டும். பேட்ஜோடு விளக்கம் எழுதி அனுப்பலாம் என்றேன். கேள்வி வந்தால் பார்த்துக்கொள்ளலாமாம். எப்படியோ போகட்டும்.

ஏழாவது பேட்ஜ் வசீமுடையது. கல்யாணத்துக்கு லீவு எடுத்தவன், முப்பதாம் தேதியே தர வேண்டியதை இன்று பாலக்கரையிலிருந்து சட்டையில் குத்திக்கொண்டே வருகிறான். நேரத்துக்குத் தரத் தெரியாதா என்று எல்லார் முன்னாலும் திட்டினேன். புது மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான்.

21 நவம்பர், வெள்ளி

ஆய்வகத்திலிருந்து அறிக்கை. ஆறு பேட்ஜ்களில் பதினான்கிலிருந்து பத்தொன்பது மில்லிசீவர்ட் வரை. வசீமுக்கு முப்பத்தொன்று. ஒரு வருஷத்துக்கே முப்பதுதான் எல்லை. ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

பீமராவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஏழும் பூஜையில வாங்கினதுதான் மேடம். ஒரே லெட்டர், முடிஞ்சுது." இந்த ஆளுக்குத் தன் மடத்தனமே கேடயமாகிவிட்டது. கடிதத்தை நான்தான் அடித்தேன். ஏழு பெயர்.

22 நவம்பர், சனி

கடிதத்தில் அவரவர் கையெழுத்து வாங்கினேன். ஆறு பேர் படிக்காமலே போட்டார்கள். வசீம் படித்தான்.

"என் பேட்ஜ் பூஜையில இல்லையே மேடம். லேட்டுன்னு நீங்கதானே திட்டினீங்க."

அப்படியானால் எங்கே வாங்கினாய் என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஆடிப்பெருக்கன்னைக்கு நான்தான் வேலை. ஒரு தடவை கேபிளைச் சுத்தும்போது இரிடியம் முழுசா கேமராக்குள்ள போன மாதிரி இல்லை. மீட்டர் இல்லாததால தெரியலை. ஃபிலிமை மாத்திட்டு வந்துட்டேன்." பிறகு மெதுவாக, "எங்களுக்குக் குழந்தை பிறக்கிறதுல ஏதாச்சும் ஆகுமா மேடம்?"

இந்த அளவுக்கு அப்படி ஒன்றும் ஆகாது என்றேன். அது உண்மை. ஆனால் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், அவனைக் கேமரா பக்கமே விடக் கூடாது. கடிதம் போனால் இரண்டும் நடக்காது. திங்கட்கிழமையே மறுபடி அவன் கையில் கேபிள். முப்பத்தொன்று பொய்யாகிவிடும், அடுத்தது பூஜ்யத்திலிருந்து எண்ணப்படும்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். ஆகஸ்ட் 4. அளக்காத அளவை எழுதியிருக்கிறேன், என்ன அழகான கையெழுத்து! ஊரில் இருக்கிறவனையெல்லாம் முட்டாள் என்று எழுத எனக்கு என்ன யோக்கியதை? அவங்க தெரியாம மாலை போட்டாங்க. நான் தெரிஞ்சே போட்டேனே கையெழுத்தை — எதுக்கு? ஒரு வாய் தேங்காய் சாதத்துக்கா? சீ.

24 நவம்பர், திங்கள்

பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டு இரண்டாக எழுதினேன். ஒன்று ஆறு பேருக்கு, பூஜை. மற்றது வசீமுக்கு. அதில் ஆடிப்பெருக்கு, இல்லாத மீட்டர், பொய் எண், என் பெயர்.

"பத்து வருஷ சர்வீஸ் மேடம். ஒரு நம்பருக்காகவா?" என்றார் பீமராவ். முதல் தடவையாக அவர் கேட்டது நியாயமான கேள்வியாக இருந்தது. இரண்டையும் நானே தபாலில் சேர்த்தேன்.

11 டிசம்பர்

என் அங்கீகாரத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். வசீமின் ரத்த அறிக்கையில் குறை ஒன்றும் இல்லை. கேமரா வேலையிலிருந்து விலக்கி ஃபிலிம் பார்க்கும் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

20 ஜனவரி, செவ்வாய்

காட்டூர் வீட்டில் சும்மா இருக்கிறேன். மத்தியானம் வசீம் போன் செய்தான். மீட்டர் ரிப்பேருக்கு மறுபடி சென்னை போயிருக்கிறதாம். பீமராவ் அவசரப்படுத்தியதும் புது அதிகாரி ஒத்துக்கொண்டாராம்.

"'சரி, பாத்து செய்ங்க'ன்னாரு மேடம். நீங்க சொன்ன மாதிரியேதான்."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. நடந்ததைச் சொன்னான்.

"நீ என்ன பண்ணினே?"

"குழி ரூம் சாவியை எடுத்து என் டிபன் பாக்ஸ்ல போட்டு மூடிட்டேன். முதலாளி கத்துறாரு. மீட்டர் வந்ததும் தரேன்னு சொல்லிட்டேன்."

வியாழக்கிழமை மீட்டர் வருமாம். அதுவரை சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லியிருக்கிறானாம் பெண்டாட்டியிடம்.