அட்டையில் கட்டிப் பார்த்த வீடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதிவிடலாம், ஆனால் அந்தச் சொல்லை இப்போதெல்லாம் கொஞ்சம் தாராளமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்பாவின் தோளிலும் கையிலும் பழைய வலு வந்துவிட்டது, கால்கள் மட்டும் நீ வந்து பார்த்துவிட்டுப் போனபோது இருந்தபடியேதான். இனி இவ்வளவுதான் என்று மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், திரும்பி வந்து பார்த்தால் அது அப்பாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. மாதக் கடைசியில் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்கிறார்கள். எனக்கு ஒன்றுமில்லை, அசதிதான். ஆய்வகம், மருத்துவமனை, வீடு என்று சுற்றியதில் பஸ்ஸில் நின்றபடியே தூங்கப் பழகிவிட்டேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். நீ அழுதால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆய்வகத்துக்கு இது நல்ல வருடம். செங்கல் வைப்பதற்கு முன்னால் அறையை முழு அளவில் கெட்டி அட்டையில் கட்டி, அதில் புழங்கப்போகிறவர்களையே உள்ளே நடக்கவிட்டுப் பார்க்கும் எங்கள் வேலையை உன் தோழிகள் பொம்மை வீடு என்பார்களே, அந்தப் பொம்மை வீட்டுக்குத்தான் பல்கலைக்கழகத்தின் சிறந்த ஆய்வுக்கான விருது கிடைத்திருக்கிறது. ஒரு புதிய மருத்துவமனையின் நோயாளி அறையைக் கட்டி செவிலியர்களை வரவழைத்திருந்தோம். முதல் தடவை கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்ததுமே தலைமைச் செவிலியர், "இந்தக் கதவை இங்க வெச்சவரைக் கட்டில்ல படுக்கச் சொல்லுங்க, தள்ளிக் காட்டறோம்" என்று சொல்லிவிட்டார். வைத்தவர் எங்கள் பேராசிரியர். மறுநாளே கதவு இடம் மாறியது, இப்போது அங்கே உண்மையான சுவரே அப்படித்தான் எழும்புகிறது. ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குழந்தைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் குழாய்களை இறக்கிக் கொடுத்தோம். விருது வாங்கிய படம் பத்திரிகையில் வந்தது, ஓரத்தில் என் தோளும் ஒரு காதும் இருக்கின்றன. அட்டை வாங்குவதும் ஆள் கூட்டுவதும் ஆண்டறிக்கை எழுதுவதும் நான், அதற்கு ஒரு காது போதும் என்று அப்பா சொன்னார்.

அங்கே ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தியை எல்லோரும் மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவோம், அவ்வளவு கறார். நான் மேசையில் தலையைச் சாய்த்திருந்தபோது அவள் வந்து, "அக்கா, ஊருக்கெல்லாம் கட்டிப் பாக்கறோம், உங்க வீட்டையும் கட்டிப் பாத்துடலாமே" என்றாள். ஆய்வுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பேராசிரியரும் ஒப்புக்கொண்டார். ஆண்டறிக்கையில் அப்பாவின் பெயர் பயனர். நம் கூடம், சமையலறை, எங்கள் அறை, உன் அறை, குளியலறைக்குப் போகிற அந்தக் குறுகலான நடை எல்லாவற்றையும் அட்டையில் நிறுத்தி, சுவர் எங்கே வர வேண்டுமோ அங்கே தரையில் நீல நாடா ஒட்டினோம். பார்க்க வேண்டியது ஒன்றுதான், நடையின் முனையில் அப்பா சக்கர நாற்காலியைத் தானே திருப்பிக் குளியலறைக்குள் போக முடிகிறதா. முடிந்தால் கதவை மட்டும் மாற்றினால் போதும். முடியாவிட்டால் உன் அறைச் சுவரை இடித்து உள்ளே தள்ள வேண்டும், அதற்கப்புறம் உன் அறையில் ஓர் அலமாரி நிற்கும், கட்டில் நிற்காது.

சனிக்கிழமை மருத்துவமனை வண்டியில் அப்பாவை அழைத்து வந்தோம். சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம வீடு இவ்வளவு சுத்தமா ஒரு நாளும் இருந்ததில்லையே" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். நடையில் போனார், முனையில் திருப்பினார், ஒரே மூச்சில் குளியலறைக்குள் போய்விட்டார். மாணவர்கள் கைதட்டினார்கள், மில்லிமீட்டர்கூடத் தட்டினாள். நான் சுவருக்கு அந்தப் பக்கம் உன் கட்டில் கிடக்கிற இடத்தில் நின்றிருந்தேன். அவர் திரும்பும்போது அட்டை என்னை நோக்கிப் புடைத்து வந்தது, அதன் அடி நீல நாடாவைத் தாண்டி நகர்ந்தது. முழங்கையால் தள்ளியிருக்கிறார். அட்டைச் சுவர் என் தோளுயரம்தான், அதற்கு மேலே தலையை எக்கி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பேசாமல் இருந்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் வீட்டுச் சுவர் நகராது, நான் வேலைக்குப் போன பிறகு குளியலறை வாசலில் சிக்கிக்கொண்டு யாரைக் கூப்பிடுவார்? சுவரை நாடாவில் சரியாக நிறுத்தி, அடியில் மணல் மூட்டைகளை அண்டக் கொடுக்கச் சொன்னேன். மறுபடியும் வந்தார், சிக்கிக்கொண்டார். பின்னால் எடுத்து, திருப்பி, மறுபடி சிக்கி, கழுத்து நரம்பு புடைக்க அவர் பட்ட பாட்டை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "மூட்டை வெச்சுத் தோக்கடிச்சிட்ட, சந்தோஷமா?" என்று கேட்டார். வண்டியில் என் பக்கம் திரும்பவேயில்லை. படுக்கையில் விட்டு நான் கிளம்பும்போதுதான், "அவ வந்தா எங்க படுப்பா? ரூமே இல்லாத வீட்டுக்குப் பொண்ணு எதுக்கு வருவா?" என்றார். உன்னிடம் கேட்கலாமே என்றதற்கு, "கேட்டா உடனே சரின்னுதான் சொல்லுவா, அதனாலதான் கேக்கக் கூடாது" என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. நீ வருவாய் என்பதற்கு அந்த அறையைத்தான் நானும் அடமானம்போல வைத்திருந்தேன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஆள் இல்லாத கட்டிலுக்கு வாராவாரம் விரிப்பு மாற்றுகிறவளுக்கு வேறென்ன எண்ணம் இருக்கும்? அதனால் உன்னைக் கேட்காமலேயே கொத்தனாரை வரச் சொல்லிவிட்டேன். இடிக்கச் சொன்னது அம்மா, அதை நீ உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. அப்பாவிடமும் இப்படியே சொல்லிவிட்டேன், இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, பேசுவார்.

ஆனால் அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் இல்லையா. நேற்று எல்லோரும் போன பிறகு, அந்த அட்டைக் கூடத்தில் மெத்தையைப் போட்டு உனக்குப் பதிலாக நான் படுத்துப் பார்த்தேன். மில்லிமீட்டர் காலி நாற்காலியை எங்கள் அறையிலிருந்து குளியலறை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். என் கால்மாட்டில் இடிக்காமல் போகிறது. "நீங்க குட்டை, இது செல்லாது" என்கிறாள். உன் உயரத்தைச் சரியாக அளந்து எழுத வேண்டுமாம், அதுவரை கூடத்தைப் பிரிக்க மாட்டாளாம். செருப்பில்லாமல், சுவரோடு நின்று அளந்துகொள். அப்பாவுக்குப் போன் பண்ணும்போது சுவரைப் பற்றி எடுக்காதே, எப்போது வருகிறாய் என்று மட்டும் சொல்லு, உண்மையான தேதியாக இருக்கட்டும். பெட்டியில் வைக்க வேண்டிய உன் சாமான் எவையென்றும் எழுது. நீ எல்லா நலமும் பெற்று, நினைத்ததை முடித்து நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம்.

உயரத்தை மறக்காமல் எழுது.

உன் அன்பு அம்மா