கோம்பையில் எடுத்த இரண்டு படங்கள்

என் அன்புக்குரியவரே, ஞானத்தின் அய்யாவே,

நேற்று உங்கள் இரண்டாம் வருஷ நினைவுப் பூசை முடிந்தது. சாமியார் உங்கள் பெயரை வாசித்தபோது ஞானம் என் முந்தானையை இழுத்து, "அய்யா பேரு" என்றாள். பிறகு கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். உங்களிடம் ஒன்றைச் சொல்லத்தான் போனேன். காற்று திரியை அணைத்துக்கொண்டே இருந்தது, எனக்கும் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பங்குக் கோயிலில் எழுத்துத் தெரிந்தவர்கள் வாசித்தாலும் வாசிக்கட்டும். உத்தமபாளையம் முழுக்கப் பேசுகிற விஷயம்தான்.

நீங்கள் போன பிறகு படத்தொழிலை நான் விடவில்லை. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசுவதும், இருட்டுக் கூடாரத்துக்குள் அதைக் கழுவிப் படத்தை வரவழைப்பதும் உங்கள் காலத்திலேயே என் வேலைதானே. ஆண்பிள்ளை நுழைய முடியாத வீடுகளில் இப்போது என்னைத் தேடி ஆள் அனுப்புகிறார்கள். என் விரல்கள் எப்போதும் கறுத்தே இருக்கின்றன. சோறு பிசையும்போது ஞானம் அதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பாள். ஆனால் அந்தச் சோறு அந்தக் கையால் வந்ததுதான்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவே இல்லை. மருந்து பூசிய ஈரத் தகட்டுக்கு, மாதாவிடம் ஒரு பிரியதத்த செபம் சொல்லி முடிக்கும்வரை ஆள் அசையக் கூடாது. பெரியவர்களின் தலையைப் பின்னாலிருந்து இரும்புக் கவட்டையில் சாய்த்து நிறுத்திவிடலாம். குழந்தையை என்ன செய்வது? இத்தனை வருஷத்தில் நம் படப்பெட்டிக்கு முன்னால் அசையாமல் படுத்திருந்த குழந்தைகள் யார் என்று உங்களுக்குத் தெரியும். காய்ச்சல் வந்த வருஷம் எத்தனை தாய்மார் மூச்சு நின்ற பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு வந்தார்கள். அந்தப் படங்கள்தான் எப்போதும் கச்சிதமாக விழுந்தன.

வைகாசியில் மதுரையிலிருந்து ராவுத்தர் வந்தார். நமக்கு ஈதரும் வெள்ளி உப்பும் கொண்டுவந்து தருகிற அதே ராவுத்தர்தான். மலைமேலே அணை கட்டுகிற இடத்துக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போகிற வழியில் ஒரு புதுக் கேமராவை இறக்கினார். நம்முடையதில் பாதி கனம். அதன் தகடுகளில் மருந்து ஏற்கெனவே பூசிக் காய்ந்திருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், வீட்டுக்கு வந்து கழுவலாம். லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்டும் வேலையும் கிடையாது. ரப்பர் பந்து ஒன்றை அமுக்கினால் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும்.

குமுளிக்குப் போய்த் திரும்பும்வரை வைத்துப் பார்க்கச் சொன்னார். பிடித்தால் புதியதை நான் வைத்துக்கொண்டு உங்கள் பெட்டியை லென்ஸோடு அவருக்குக் கொடுக்க வேண்டும். அந்த லென்ஸுக்காக மதுரையில் ஒருவர் காத்திருக்கிறாராம். இரண்டையும் வைத்துக்கொள்ள வழியில்லை.

எனக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மதுரையில் இந்த மாதிரித் தகட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, கடையில் வாங்குகிற தகட்டுக்குப் படக்காரன் எதற்கு என்று திருப்பிக் கொடுத்தீர்கள். கடைசிக் காய்ச்சலில்கூட, "பெட்டிய விட்றாத அருளாயி. தகடு பூசத் தெரிஞ்ச கைக்கு எவன் தயவும் வேணாம்" என்றுதான் சொன்னீர்கள். அதற்கப்புறம் நீங்கள் பேசிய எதுவும் எனக்கு விளங்கவில்லை.

இருந்தும் ஆசை விடவில்லை. கிணற்றடியில் கயிறு தாண்டிக்கொண்டிருந்த ஞானத்தைப் புதுத் தகட்டில் எடுத்தேன். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் தட்டை ஆட்டி ஆட்டிக் கழுவினேன். முதலில் கயிறு வந்தது. பிறகு அவள் சிரிப்பு, விழுந்த பல்லின் ஓட்டையோடு. நான் அழுதுவிட்டேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மருந்து ஓரத்தில் சுருங்கி, பாலாடைபோல் கண்ணாடியை விட்டு வழுக்கித் தட்டின் அடியில் போய்ச் சுருண்டது. நம் பள்ளத்தாக்கின் வெக்கை அந்தத் தகட்டுக்கு ஆகவில்லை. நீங்கள் சொன்னதே சரி, திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று கேமராவைத் துணி சுற்றி மூடிவைத்தேன்.

மறுவாரம் கோம்பையிலிருந்து ஆள் வந்தது. பிள்ளை பெற்ற ஒரு பெண் காய்ச்சலில் கிடக்கிறாள், படம் எடுக்க வேண்டும் என்றார்கள். உங்கள் பெட்டியையும் கூடாரத்தையும் வண்டியில் ஏற்றினேன். ஞானத்தைப் பக்கத்து வீட்டில் விட்டேன். ஆளில்லாத வீட்டில் அடுத்தவர் பொருளை வைத்துவிட்டுப் போகப் பயந்து புதுக் கேமராவையும் ஏற்றிக்கொண்டேன். வேறு எந்த எண்ணமும் எனக்கு அப்போது இல்லை.

அந்தப் பெண்ணின் பெயர் பேச்சி. இருபது வயதுகூட இருக்காது. புருஷன் கருப்பையா அணை வேலைக்குக் கல்லுடைக்க மேலே போனபின் பிறந்த குழந்தை. அவன் இன்னும் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆள் அனுப்பியும் மலையில் மழை பிடித்து, ஓடைகள் பெருகிப் பாதை அறுந்துவிட்டது. தான் இருப்பேனோ மாட்டேனோ, பிள்ளை முகத்தையாவது அவருக்கு அனுப்ப வேண்டும் என்று பேச்சிதான் அடம்பிடித்திருக்கிறாள். மாமியார் ஒச்சம்மாளுக்கு இதில் சம்மதமே இல்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று அந்த அம்மாளுக்குப் பயம். வாசலில் கட்டியிருந்த நாய் நான் கூடாரம் அடித்து முடிக்கும்வரை குரைத்தது. அதை அடக்கக்கூட யாரும் வரவில்லை.

பேச்சியை வெளிச்சத்துக்காகத் தொழுவத்தை ஒட்டிய முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்தோம். உடம்பு அனலாக இருந்தது. கவட்டையில் தலையைச் சாய்த்தபோது அந்தச் சூட்டில் இரும்பின் குளிர்ச்சி சுகமாக இருக்கிறது என்றாள். தகடு பூசி, ஓடிவந்து பெட்டியில் செருகி, மூடியைக் கழற்றிச் செபம் சொன்னேன். பேச்சி கல்லாய் இருந்தாள். குழந்தை பால் வாசனைக்கு முகத்தை இப்படியும் அப்படியும் தேய்த்துக்கொண்டே இருந்தது.

கூடாரத்துக்குள் தகட்டைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். ஒச்சம்மாள் என் கையிலிருந்து தகட்டை வாங்கிப் பார்த்தார். பேச்சி தெளிவாக இருந்தாள். அவள் கையில் குழந்தையின் துணி இருந்தது, சின்னக் கால் இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை.

"பிள்ளைக்கு மொகத்தக் காணோம்" என்றார் ஒச்சம்மாள். முதலில் மெதுவாகத்தான் சொன்னார். பிறகு தகட்டை உரல்மேல் அடித்து உடைத்தார். "வேதக்காரி, எம் பேத்தி மொகத்த எங்கன கொண்டுபோயி வச்ச? கட்டுடி உன் பொட்டியை."

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தவர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் கூடாரத்தின் முளையைப் பிடுங்கினார். வண்டிக்காரர் மாடு பூட்டப் போய்விட்டார். நானும் கூடாரத்தை மடிக்கத்தான் குனிந்தேன். அப்போது பேச்சி குரல் கொடுத்தாள்.

"அக்கா, எம் மொகம் அவுகளுக்குத் தெரியும். எனக்கு இவ மொகந்தான் வேணும். வேற வழி இருக்கா?"

நான் வண்டியைப் பார்த்தேன். துணி சுற்றிய கேமரா வைக்கோலுக்குள் இருந்தது. என் கண்ணெதிரே உருகிப்போன படமும் நினைவில் இருந்தது. இன்னொரு முறை முகம் இல்லாமல் போனால் இந்தத் தெருவை விட்டு முழுதாகப் போக முடியுமா? போனாலும் இனி எந்த வீடு என்னைக் கூப்பிடும்? வழி இருக்கிறது, ஆனால் படத்தை இங்கேயே காட்ட முடியாது, வீட்டில்தான் கழுவ வேண்டும், சரியாக வருமா என்று எனக்கே தெரியாது என்றேன். உள்ளதைச் சொன்னேன்.

ஒச்சம்மாள் மருமகளைப் பார்த்தார். பேச்சி, "விடுங்கத்தே, எடுக்கட்டும்" என்றாள். அந்த அம்மாள் கூட்டத்தைப் பார்த்துக் கையை அசைத்தார். எல்லோரும் ஒதுங்கினார்கள்.

இரும்புக் கவட்டையை எடுத்துவிட்டேன். பேச்சியைச் சுவரோரம் நிழலில் தலையணையில் சாய்த்தேன். எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். எதையும் பார்க்கலாம் என்றேன். அவள் குழந்தையைத் தூக்கி என் பக்கம் திருப்பி, அதன் காதுக்குள் ஒன்று சொன்னாள். குழந்தை கண்ணை அகல விரித்தது. நான் பந்தை அமுக்கினேன். சொடுக்குப் போடுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். இவ்வளவுதானா என்று யாரோ கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு பகல் முழுவதும் அந்தத் தகட்டைத் தொடவே இல்லை. ராவுத்தர் போகிறபோக்கில் சொன்னதை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தேன். தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும், படிகாரம் சேர்த்தால் மருந்து இறுகும். மண்பானைகளில் தண்ணீர் பிடித்து, ஈரச்சாக்கு சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தேன். பெரிய அண்டாவில் வெடியுப்பைக் கரைத்துத் தண்ணீரைச் சில்லிட வைத்து, அதற்குள் தட்டை மிதக்கவிட்டேன். சன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டு, சிவப்பு விளக்கை ஏற்றி, உங்கள் பெயரைச் சொல்லித் தகட்டை மருந்துத் தண்ணீரில் விட்டேன்.

குழந்தையின் முகம் வந்தது. கண், மூக்கு, நெற்றியில் வைத்த மை. பேச்சியின் வாய் பாதி திறந்திருந்தது. பிறகு இடது மூலையில் மருந்து சுருங்க ஆரம்பித்தது. சுவர் போயிற்று. சுருக்கம் அவள் முழங்கைக்கு வந்தது. நான் தகட்டை எடுத்துப் படிகாரத் தண்ணீருக்குள் வைத்துவிட்டு, கையை அதன்மேல் வைக்கவும் பயந்து, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். முழங்கையோடு நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் நின்றேனோ, காலடியில் அண்டாத் தண்ணீர் ததும்பிக் கிடந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

வெயிலில் தாள் வைத்துப் படம் அச்செடுத்துக் கொண்டுபோனேன். பேச்சியால் அப்போது உட்கார முடியவில்லை. ஒச்சம்மாள்தான் அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். அவள் தன்னைப் பார்க்கவே இல்லை. குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரமே போய்விட்டாள். ஓடை வடியாததால் படத்தை மேலே அனுப்பவும் முடியவில்லை.

ராவுத்தர் திரும்பி வந்தார். அப்போதும் என்னால் முடிவு சொல்ல முடியவில்லை. ஒரு தகடு உருகியது, ஒன்று மூலை போய்த் தப்பியது. இதை நம்பி உங்கள் பெட்டியை எப்படிக் கொடுப்பது? சென்னையிலிருந்து வர வேண்டிய தகடு வராவிட்டால் என்ன செய்வேன் என்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. "வராட்டி சும்மாதேன் இருக்கணும், தாயி" என்றார். பெரியகுளம் போய்விட்டு வருவதாகவும் அதற்குள் யோசிக்கும்படியும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் யோசிக்கவில்லை, பயந்துகொண்டே இருந்தேன். இரண்டு பெட்டிகளும் எதிரெதிரே இருந்த அறைக்குள் போகவே பிடிக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் நாம் சண்டை போட்டிருப்போம். அந்தச் சண்டைக்குக்கூட எனக்கு ஆளில்லை.

ஒருநாள் காலையில் வாசலில் ஒருவர் நின்றார். கல்தூசி படிந்த தலை, கையில் துணியில் சுற்றிய படம். கருப்பையாதான். மேலேயிருந்து வந்து, காரியம் முடித்து, என்னைத் தேடி வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. படத்தைப் பிரித்து, பேச்சியின் வாய்ப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"பேசுறா" என்றார்.

ஆமாம் என்றேன்.

"என்ன சொன்னா, அக்கா? நீங்க பக்கத்துல இருந்தீகளாம். எங்காத்தாளுக்குக் கேக்கலையாம்."

எனக்குக் கேட்டிருந்தது. கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு அருகில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது. சொன்னேன். அந்த லென்ஸைக் காட்டி அவள் குழந்தையிடம் சொன்னது இதுதான்: "அங்கன பாரு. அய்யா அங்கனதேன் இருக்காக."

அவர் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஞானம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டு, மகளுக்கு உட்காரத் தெரிந்ததும் இன்னொரு படம் எடுப்பீர்களா என்று கேட்டார். எடுப்பேன் என்றேன். எந்தக் கேமராவில் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அப்போது தெரிந்துவிட்டது.

ராவுத்தர் வந்ததும் உங்கள் பெட்டியைத் துடைத்துக் கொடுத்தேன். லென்ஸையும் சேர்த்துத்தான். வண்டியில் ஏற்றும்போது நான் வெளியே வரவில்லை, சக்கரச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை அடுப்பங்கரையிலேயே நின்றேன். அன்று எனக்கும் ஞானத்துக்கும் சோறு இறங்கவில்லை.

கோபமா உங்களுக்கு? நீங்கள் சொன்னது பொய்யாகிவிடவில்லை. இப்போது நான் அடுத்தவர் தயவில்தான் இருக்கிறேன். போன மாதம் வந்த பொட்டலத்தில் பாதித் தகடுகள் ஈரம் பட்டு வீணாகிவிட்டன. சின்னமனூர்க் கல்யாண வீட்டுக்குப் போக முடியாது என்று சொல்லியனுப்ப வேண்டியதாயிற்று. ஆனால் இந்த வாரம் ஒச்சம்மாளே வண்டி அனுப்பியிருக்கிறார். பேத்தி உட்கார ஆரம்பித்துவிட்டாளாம். ஓரிடத்தில் இருப்பதில்லையாம், எப்படி எடுப்பாய் என்று கேட்டனுப்பியிருக்கிறார்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். செத்த பிள்ளையைத் தூக்கி வருகிற தாயை நான் திருப்பி அனுப்ப மாட்டேன். ஆனால் இனி அவர்கள் வரட்டும் என்று காத்திருக்கவும் மாட்டேன். பிள்ளை பிறந்த வீடு எது என்று விசாரித்து நானே போவேன். யாரையும் அசையாதே என்று சொல்ல மாட்டேன்.

நாளை விடிந்ததும் கோம்பைக்குக் கிளம்புகிறேன்.

உங்களுக்கு வாழ்க்கைப்பட்டவள்,
ஞானத்தின் ஆத்தா,
அருளாயி