உங்கப்பாவுக்கு மட்டும் தெரியாத நோய்

அன்பு மகன் எர்மெக்குக்கு அம்மா எழுதுறது. கசான்ல நீ சுகமா வேலைக்குப் போய் வந்துக்கிட்டிருப்பேன்னு நம்புறேன். இங்கே கோச்கோர்ல ஆடு மாடெல்லாம் சுகம், மனுஷங்க கதைதான் வேற. போன்ல சொன்னா குறுக்கே குறுக்கே பேசுவே, அதனாலதான் அங்கே திரும்பி வர்ற நம்ம ஊர்ப் பையன் தாலாய் கையில இதைக் கொடுத்தனுப்புறேன். வியாழக்கிழமை கைக்கு வந்துடும், முழுசும் படி.

உங்கப்பாவுக்குத் தொண்டையில புத்துநோய்னு பிஷ்கெக் டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னப்ப, நீயும் உங்க பெரியப்பாவும் சேர்ந்து என்ன சட்டம் போட்டீங்க? அவர்கிட்ட மூச்சு விடாதே, பேரைக் கேட்டாலே மனுஷன் பாதி செத்துடுவார்னு. ஊர் வழக்கம்தானேன்னு நானும் தலையாட்டித் தொலைச்சேன். சளிப்புண்ணுன்னு சொல்லி வெச்சோம். சளிக்கு எவனாவது ஆஸ்பத்திரியில போய்ப் படுப்பானான்னு அவர் காலை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்துட்டார். செம்மறி வால்கொழுப்பை உருக்கிக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறது, உடனே ஒரு சிகரெட், அது அணைஞ்சா உதட்டுக்குள்ள நஸ்வாய்ப் புகையிலை. ஆட்டை மேய்ச்சலுக்கு மலைக்கு ஏத்திட்டு வந்து பார்த்துக்கலாம்ங்கிறார். விஷயம் ஊர் முழுக்கப் பரவி ரொட்டி விக்கிறவகூட என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுறா, இவர் மட்டும் சீட்டியடிக்கப் பார்க்கிறார்!

டாக்டரம்மா எவ்வளவு தெளிவாச் சொன்னா தெரியுமா? கட்டி குரல்நாண்ல சின்னதாத்தான் இருக்கு, கழுத்துக்குப் பரவலை, இப்பவே கதிர்வீச்சு கொடுத்தா குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு, குரலும் மிஞ்சும்னா. ஆறேழு வாரம் ஆகும், தொண்டை வெந்து எச்சில் முழுங்கவே உயிர் போகும், கஞ்சிதான் இறங்கும், ஆனா ஆறிடுமாம். தள்ளிப்போட்டு வளரவிட்டா குரல்வளையையே எடுக்க வேண்டி வரலாம், கழுத்துல போட்ட துளை வழியாத்தான் மூச்சு, பேச்சைப் புதுசாப் பழகணும். மூணு வாரம் குரல் கம்மினப்பவே கூட்டிட்டு வர்றதுக்கென்னன்னு என்னைத்தான் திட்டினா. நான் யாரைத் திட்ட?

போன வாரம் பக்கத்து வீட்டுல குழந்தையைத் தொட்டில்ல போட்ட விருந்து. எப்பவும்போல இவர்தான் கையை விரிச்சு வாழ்த்துச் சொல்ல எழுந்தார். வாய் அசையுது, வெறும் காத்துதான் வருது. சளின்னு சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்தார். கூட்டம் மொத்தமும் குனிஞ்சு தட்டையே பார்த்துச்சு. திரும்பி வர்ற வழியில வண்டியிலேயே நோய்ப் பேரை, வைத்தியத்தை, எல்லாத்தையும் போட்டு உடைச்சுட்டேன்.

பாதி செத்தாரா? வண்டியை நிறுத்திட்டு, தொண்டை என்னுது, ஊருக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டும் தெரியக் கூடாதாடின்னு மிச்சமிருந்த குரலையெல்லாம் திரட்டிக் கரகரன்னு கத்தினார். அப்புறம் ரொம்ப நேரம் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே அழுதார். மறுநாள் காலையில அவரே டாக்டரம்மாவைக் கூப்பிட்டுப் பேசிட்டார். வர்ற திங்கள்கிழமை ஆரம்பிக்கிறாங்க. புகையிலையை இன்னும் விடலை, அந்தச் சண்டை தனியா நடந்துக்கிட்டிருக்கு.

குளிர்ல காதை மூடிக்கிட்டுப் போ, சிகரெட் பக்கம் போனேன்னு கேள்விப்பட்டா அங்கேயே வந்து உதைப்பேன். ஆண்டவன் உன்னைக் காப்பாத்தட்டும், கையிலெடுத்த வேலையெல்லாம் நல்லபடி முடியட்டும். ஒண்ணு மட்டும் மறந்துடாதே. ஞாயித்துக்கிழமைக்குள்ள அப்பாவைக் கூப்பிடு. வைத்தியம் ஆரம்பிச்சா கொஞ்ச நாளைக்குப் பேச முடியாதாம், அதுக்குள்ள உன்னை ஆசை தீரத் திட்டணும்ங்கிறார். எவ்வளவு நேரமானாலும் கேளு. நீயா போனை வைக்காதே.

உன் அம்மா,
சைராகுல்