ஆறின பிறகு தட்டு

என் வாயாடி மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் மாப்பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறார், ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அதனால்தான்.

முதலில் என் கதை. பழ ஃபேக்டரியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. அன்னாசிப்பழம் மலை மாதிரி வந்து இறங்கும். தோலும் நடுத்தண்டும் மெஷினிலேயே போய்விடும். மிச்சமிருக்கும் கண்களை நாங்கள் கத்தியால் தோண்டி எடுக்க வேண்டும். கையுறை போட்டும் விரல் நுனி அரிக்கிறது. பிறகு வில்லைகளை டின்னில் அடுக்கி, சர்க்கரைப் பாகு ஊற்றி, ஆவியில் காட்டி உள்ளே இருக்கும் காற்றை விரட்டி, சூட்டோடு மூடியை அழுத்துவார்கள். அப்புறம் டின்னோடு வேகவைத்து, தண்ணீரில் ஆறவிடுவார்கள். டின்னுக்குள்ளேயே பழம் வேகும் என்பது எனக்கு இத்தனை வயசாகியும் தெரியாது போ.

போன மாதம் என்னைத் தட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். சின்னக் கம்பியால் ஒவ்வொரு மூடியையும் தட்டிக் காது கொடுக்க வேண்டும். சரியாக மூடினது கணீரென்று 'டிங்' என்னும். காற்று புகுந்தது மந்தமாக 'தொப்' என்னும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே பளபளப்புதான். வீட்டுப் பாத்திரத்தையெல்லாம்கூடத் தட்டுகிறேனாம். "என் தலையை மட்டும் விட்டுடு, அது எப்பவும் தொப்புதான்" என்கிறார் அப்பா.

மூன்றாம் நாளே மானம் போயிற்று. ஒரு தள்ளுவண்டி நிறைய டின்களைக் கெட்டது என்று ஒதுக்கிவிட்டேன். சூப்பர்வைசர் அம்மா தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சூடு ஆறாதது எல்லாமே இப்படித்தான் கேக்கும். ஆறின பிறகு தட்டிப் பாருங்க" என்றார். ஆறின பிறகு தட்டினேன். எல்லாம் கணீர், ஒன்றைத் தவிர.

அன்று சாயங்காலம்தான் உனக்குப் போன் செய்தேன். எப்படி இருக்கிறாய் என்றதற்கு "நல்லா இருக்கேம்மா" என்றாய். ஒன்று கேட்டால் ஒன்பது சொல்கிறவள் அதோடு நிறுத்திக்கொண்டாய். புருஷன் பெண்டாட்டிக்குள் அன்றைய சூடு ஏதோ, ஆறட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். மூன்று வாரம் பொறுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேட்டேன். அதே "நல்லா இருக்கேம்மா". அதே சத்தம்.

அந்த ஒரு டின்னை என்ன செய்வீர்கள் என்று சூப்பர்வைசர் அம்மாவிடம் அன்றைக்கே கேட்டிருந்தேன். "சீக்கிரம் தெரிஞ்சதால பழத்துக்கு ஒண்ணும் ஆகல. டின்னைத்தான் மாத்தணும். விட்டு வச்சாதான் கெட்டுப்போகும்" என்றார்.

கண்ணே, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று யோசிக்காதே. அந்த நாலு பேருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், என் வாய்தானே உனக்கு வந்தது. அப்பா உன் அறையை ஒழுங்குபண்ணி வைத்துவிட்டார். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். புறப்பட்டு வா. வந்து, பழையபடி என் காது வலிக்கப் பேசு.

உன் சத்தத்துக்குக் காத்திருக்கும்,
அம்மா